விலைபோகாமல் விற்பது எப்படி: ராக் பேண்ட் வைத்திருப்பவர்களுக்கு

காசுக்காக நம்மை விட்டுக்கொடுக்காமல் பாட்டை எப்படி விற்பது என்ற கேள்வி பேண்ட் ஆரம்பித்த புதிதில் வரவே வராது. வாங்க ஆளே இல்லாதபோது விற்கலாமா கூடாதா என்று யார் சண்டை போடப் போகிறார்கள்? ஒரு பாட்டு எப்படியோ பரவி, ஒரு லேபிளிலிருந்து (ஆல்பம் வெளியிடும் கம்பெனி) மெயில் வந்து, இல்லையென்றால் ஏதோ ஒரு கம்பெனி அந்தப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை விளம்பரத்துக்குக் கேட்டு, நிஜமான தொகை ஒன்று கண்ணுக்குத் தெரியும்போதுதான், இத்தனை நாள் ஒரே மனசாக வாசித்த நாலு பேருக்குள் நாலு விதமான கொள்கை இருந்தது வெளியே வரும். அந்த நேரத்தில் உட்கார்ந்து பேசினால் பேச்சு கொள்கையைப் பற்றி இருக்காது, யாருக்கு வாடகை பாக்கி என்பதைப் பற்றித்தான் இருக்கும்.

அதனால் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேண்டுகள் தங்கள் சுதந்திரத்தைப் பெரும்பாலும் பாட்டில் தொலைப்பதில்லை, படிக்காமல் போட்ட கையெழுத்திலும் மாதாமாதம் கட்டியே ஆக வேண்டிய செலவிலும்தான் தொலைக்கிறார்கள். கோரஸ் கொஞ்சம் இனிமையாகிவிட்டால் கலை ஒன்றும் செத்துவிடாது. ஆகவே இதில் கிட்டாரைவிடக் காகிதம்தான் அதிகம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எவ்வளவு பங்கு

லேபிளோடு பேசுவதற்கு முன்னால் உங்களுக்குள் பேச வேண்டியது இது. பாட்டு எழுதியவருக்கு வரும் பணம் ஒரு வகை. ரெக்கார்டிங்கிலிருந்தும் மேடையிலிருந்தும் வரும் பணம் வேறு வகை. இந்த வித்தியாசம் தெரியாமலேயே பல பேண்டுகள் ரெண்டு மூன்று ஆல்பம் போட்டுவிடுகின்றன, அப்புறம் ஒரே வேனில் சுற்றியவர்களில் ஒருவர் வீடு வாங்கும்போது இன்னொருவர் ஏன் தன்னிடம் ஒன்றும் இல்லை என்று யோசிக்க ஆரம்பிக்கிறார்.

தி ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் பேண்டில் பாடகர் மோரிஸ்ஸியும் கிட்டார் வாசித்த ஜானி மாரும் தலா 40 சதவீதம் எடுத்துக்கொண்டார்கள். டிரம்மர் மைக் ஜாய்ஸுக்கும் பேஸ் வாசித்த ஆண்டி ரூர்க்குக்கும் தலா 10. பாட்டு எழுதியதற்கான பணத்தைச் சொல்லவில்லை, அது மோரிஸ்ஸிக்கும் மாருக்கும் உரியது என்பதில் தகராறு இல்லை. இது ரெக்கார்டிங், கச்சேரி வருமானம். எழுத்தில் எதுவும் கிடையாது. பேண்ட் 1987-இல் உடைந்தது, ஜாய்ஸ் வழக்குப் போட்டார், 1996-இல் லண்டன் உயர் நீதிமன்றம் அவருக்கு 25 சதவீதம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. காரணம் பிரிட்டனின் 1890-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம். வேறு மாதிரி ஒத்துக்கொண்டார்கள் என்று நிரூபிக்க முடியாவிட்டால் கூட்டாளிகளுக்கு லாபத்தில் சம பங்கு, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கம் ஆர்.ஈ.எம். என்ற அமெரிக்க பேண்ட். அவர்கள் சொந்தப் பாட்டுகளுக்கு எல்லாம் நாலு பேர் பெயரையும் போட்டார்கள். யார் மெட்டுப் போட்டது, யார் சும்மா தலையாட்டியது என்ற கணக்கே வைத்துக்கொள்ளவில்லை. பெருந்தன்மை என்று இதைப் புகழ்வார்கள், எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: பங்கு சமமாக இருந்தால் எந்தப் பாட்டு ஆல்பத்தில் வர வேண்டும் என்பதைக் காதை வைத்து முடிவு செய்யலாம். இல்லையென்றால் என் பாட்டு ரெண்டு, உன் பாட்டு நாலா என்று ஆகிவிடும். குயீன் பேண்டில் அதுதான் நடந்தது. 1975-இல் அவர்களுடைய மிகப் பெரிய சிங்கிள் (ஆல்பத்திலிருந்து தனியாக விடும் பாட்டு) வந்தபோது தட்டின் மறுபக்கத்தில் இருந்தது டிரம்மர் ராஜர் டெய்லரின் பாட்டு. தட்டு விற்றால் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ராயல்டி (விற்பனைக்கேற்ப வரும் பங்கு) என்பதால், முன்பக்கப் பாட்டை எழுதிய ஃப்ரெட்டி மெர்குரிக்குக் கிடைத்த அளவே விற்பனையில் அவருக்கும் கிடைத்தது, அந்தப் புகைச்சல் வருஷக்கணக்கில் ஓடியது. 1989 ஆல்பத்திலிருந்து எல்லாப் பாட்டுக்கும் ‘குயீன்’ என்றே பெயர் போட ஆரம்பித்தார்கள்.

சம பங்குதான் ஒரே வழி என்று சொல்லமாட்டேன். ஒருவரே சொல்லும் மெட்டும் கொண்டுவந்து மற்றவர்கள் வாசிக்க மட்டும் செய்கிற பேண்டில் சம பங்கும் நாளடைவில் கசக்கும். எழுதியவருக்குப் பாதி, மீதிப் பாதியை எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பது என்று நடுவழி பிடிக்கலாம். எதுவானாலும் ஒரு பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். வக்கீல் இல்லாமல் எழுதிய அந்த ஒரு பக்கம்கூட எதுவும் எழுதாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

பணத்துக்கு அடுத்தது ஓட்டு. பெரும்பான்மையா, எல்லோரும் சம்மதித்தால்தானா? தி டோர்ஸ் பேண்டில் நாலு பேருக்கும் சம பங்கு, ஒருவர் வேண்டாம் என்றால் எதுவும் நடக்காது. அப்படியிருந்தும் 1968-இல் பாடகர் ஜிம் மோரிஸன் ஊரில் இல்லாத நேரத்தில் மற்ற மூவரும் ப்யூக் கார் விளம்பரத்துக்கு ஒரு பாட்டைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். திரும்பி வந்து தெரிந்துகொண்ட மோரிஸன் கொதித்துப் போனார். பல வருஷம் கழித்து, அவர் இறந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, கேடிலாக் 1.5 கோடி டாலர் வரை தருவதாகச் சொன்னது. டிரம்மர் ஜான் டென்ஸ்மோர் ஒருவர் மட்டும் முடியாது என்றார், அது நின்றுபோனது. மற்ற ரெண்டு பேருக்கும் எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவரின் மறுப்பு எல்லாவற்றையும் நிறுத்தும் அதிகாரம் அன்றாடக் காரியங்களுக்கு ஆகாது, டி-ஷர்ட் நிறத்துக்குக்கூட நாலு பேர் சம்மதம் தேவைப்பட்டால் பைத்தியம் பிடிக்கும். விளம்பரம், லேபிள் ஒப்பந்தம், பாட்டு உரிமையை விற்பது, பெயரைப் பயன்படுத்துவது: இந்த நாலுக்கு எல்லோர் சம்மதமும் வேண்டும், மற்றதுக்குப் பெரும்பான்மை போதும் என்று வைத்துக்கொள்வது என் யோசனை.

எதை விற்க மாட்டீர்கள்

ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து, எவ்வளவு பணம் கொடுத்தாலும் செய்ய மாட்டேன் என்பதை மூன்றே வரியில் எழுதுங்கள். மற்றவர் எழுதுவதைப் பார்க்காமல். அப்புறம் சேர்த்து வைத்துப் படியுங்கள். நாலு தாளிலும் இருப்பது உங்கள் பேண்டின் கொள்கை, ஒரே ஒரு தாளில் இருப்பது அந்த ஒருவருடைய விருப்பம். அதை மதிக்கலாம், ஆனால் பேண்டே அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

எழுதும்போது ரெண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சில சமரசங்கள் பாட்டையே மாற்றும்: சொல்லை மாற்றுவது, எழுதாத ஒருவர் பெயரைப் போடுவது, பிடிக்காத ஆளை வைத்து மிக்ஸ் (பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சமன்படுத்துவது) செய்வது. சில சமரசங்கள் விற்கிற விதத்தை மட்டும் மாற்றும்: வீடியோ எடுப்பது, பெரிய மேடையில் வேறு பேண்டுக்கு முன்னால் வாசிப்பது, அட்டைப்படத்தில் முகம் வருவது. முதல் வகையில் பிடிவாதமாக இருங்கள். ரெண்டாவது வகையில் பெரும்பாலும் வெட்கம்தான் கொள்கை மாதிரி வேஷம் போட்டு நிற்கும்.

ஃபுகாஸி என்ற வாஷிங்டன் பேண்டைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பை யாரும் முடிப்பதில்லை, நானும் விதிவிலக்கில்லை. டிக்கெட் பெரும்பாலும் 5 டாலர், எந்த வயதினரும் உள்ளே வரலாம், டி-ஷர்ட் விற்பனை கிடையாது, பெரிய லேபிள் கிடையாது, ஆல்பங்கள் எல்லாம் பாடகர் இயன் மெக்கே கூட்டாக நடத்திய டிஸ்கார்ட் லேபிளில். இதைத் துறவறம் என்று நினைப்பவர்கள் கணக்கைப் பார்க்கவில்லை. லேபிள் சொந்தம், மேனேஜர் இல்லை, வெளியே யாருக்கும் கமிஷன் இல்லை, ஆகவே குறைந்த விலைக்கு விற்றும் கையில் நின்றது. கொள்கையைத் தாங்க ஒரு செலவுக் கணக்கு அடியில் இருந்தது. அதை விட்டுவிட்டு 5 டாலரை மட்டும் காப்பியடித்தால் பெட்ரோலுக்கே காசு மிஞ்சாது.

பேர்ல் ஜாம் வேறு மாதிரி. முதல் ஆல்பம் பெரிதாக ஓடியதும் வீடியோ எடுப்பதையே நிறுத்தினார்கள், 1998 வரை எடுக்கவில்லை, விற்பனை ஒன்றும் படுத்துவிடவில்லை. ஆனால் 1994-இல் டிக்கெட் விற்கும் கம்பெனியான டிக்கெட்மாஸ்டரின் கூடுதல் கட்டணத்தை எதிர்த்து அமெரிக்க நீதித் துறையிடம் புகார் கொடுத்தபோது நிலைமை வேறாகிவிட்டது. அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் இல்லாத மைதானங்களைத் தேடித்தேடி வாசிக்க வேண்டியிருந்தது, கச்சேரிகள் ரத்தாகின, கேட்க வந்தவர்கள்தான் அலைந்தார்கள். 1995-இல் விசாரணை நடவடிக்கை இல்லாமலே முடிந்தது, பேண்டும் கொஞ்ச காலத்தில் அதே டிக்கெட் முறைக்குத் திரும்பியது. அவர்கள் சொன்னது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் உங்கள் கொள்கைக்கான விலையை யார் கொடுக்கப் போகிறார்கள் என்பதையும் அந்த மூன்று வரிக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

செலவு

இது சின்னப் பகுதி, ஏனென்றால் விஷயம் எளிது, செய்வதுதான் கஷ்டம். இந்தப் பேண்ட் அடுத்த ஆறு மாசம் எதையும் சம்பாதிக்காவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். ஒன்றும் ஆகாது என்றால் நீங்கள் வருகிற எவருக்கும் முடியாது என்று சொல்லலாம். வேன் தவணை, ஸ்டுடியோ கடன், ரெண்டு சம்பள ஆட்கள் என்று இருந்தால் அடுத்து வருகிற ஆளுக்குச் சரி என்றுதான் சொல்வீர்கள், கொள்கை எவ்வளவு உறுதியாக இருந்தாலும். பகல் வேலையை விடாமல் வைத்திருப்பதை ராக் உலகில் கேவலமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது புரியவே இல்லை. வேறு இடத்திலிருந்து சோறு வருகிறவன்தான் ஒன்பது நிமிஷப் பாட்டை வெட்டாமல் வெளியிட முடியும்.

முதல் பெரிய பணம் வந்ததும் வாழ்க்கைத் தரத்தை ஏற்றாதீர்கள். பேண்டுக்குத் தனி வங்கிக் கணக்கு, வருகிற ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கு அடுத்த ரெக்கார்டிங்குக்கு. இதற்கு லெட் ஸெப்பலினை நினைத்துக்கொள்ளுங்கள். 1968-இல் முதல் ஆல்பத்தை எந்த லேபிளும் இல்லாமல் கிட்டார் வாசித்த ஜிம்மி பேஜும் மேனேஜர் பீட்டர் கிராண்டும் சொந்தப் பணத்தில் முடித்தார்கள், ஸ்டுடியோ நேரம் மொத்தம் 36 மணி, செலவு சுமார் 1,782 பவுண்ட். முடிந்த டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அட்லாண்டிக் லேபிளோடு பேசியதால், எப்படி ஒலிக்க வேண்டும் என்று சொல்ல லேபிளுக்கு இடமே இல்லை. அட்டைப்படத்திலிருந்து எல்லாம் பேண்டின் கையில். இன்றைக்கு வீட்டிலேயே நல்ல ரெக்கார்டிங் செய்ய முடிகிற காலத்தில் இந்த வழி இன்னும் மலிவு.

ஒப்பந்தம் வந்துவிட்டது, இப்போது?

முதலில் வக்கீல். இசை ஒப்பந்தங்கள் பார்த்துப் பழகியவர், உங்கள் பணத்தில் வருபவர், லேபிளோ மேனேஜரோ சிபாரிசு செய்தவர் கூடாது. அவர் படிப்பதற்கு முன் நீங்களும் படியுங்கள். கீழே சொல்வதைத் தேடிப் பாருங்கள்.

அட்வான்ஸ். பெரிய தொகை, ஆனால் அது உங்கள் ராயல்டியிலிருந்து கழிக்கப்படும் முன்பணம். எப்படிக் கழிப்பார்கள் என்பதில்தான் விஷயம். 1,00,000 டாலர் அட்வான்ஸ், ராயல்டி 15 சதவீதம் என்று வையுங்கள். ஆல்பம் 1,00,000 டாலர் கொண்டுவந்ததும் கணக்குத் தீர்ந்தது என்று நினைப்போம். தீராது. உங்கள் 15 சதவீதமான 15,000 மட்டும்தான் கழியும், முழுசும் தீர ஆல்பம் சுமார் 6,67,000 டாலர் கொண்டுவர வேண்டும். அதற்குள் லேபிள் தன் பங்கை எப்போதோ எடுத்திருக்கும். ரெக்கார்டிங் செலவு, வீடியோ செலவில் ஒரு பகுதி, சுற்றுப்பயணத்துக்குக் கொடுத்த பணம் எல்லாம் உங்கள் கடன் பக்கத்தில்தான் ஏறும். சிகாகோ ரெக்கார்டிங் இன்ஜினியர் ஸ்டீவ் ஆல்பினி 1993-இல் ஒரு கட்டுரையில் இப்படி ஒரு கற்பனைப் பேண்டுக்கு முழுக் கணக்குப் போட்டுக் காட்டினார்: 2,50,000 டாலர் அட்வான்ஸ் வாங்கிய பேண்டில் எல்லாக் கழிவும் போக ஒவ்வொருவர் கைக்கும் வந்தது சுமார் 4,000 டாலர், லேபிளுக்கு 7 லட்சத்துக்கு மேல். அட்வான்ஸ் சின்னதாகவும் ராயல்டி விகிதம் பெரிதாகவும் கேளுங்கள். கடன் சின்னதாக இருந்தால் அடுத்த ஆல்பத்தில் கை வைக்க லேபிளுக்குச் சாக்கும் சின்னதாக இருக்கும்.

ஒரு ஆல்பத்தின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கலாம் என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் முதல் ஆல்பத்தின் கடன் மூன்றாவது ஆல்பம் வரை உங்களைத் துரத்தும்.

எத்தனை ஆல்பம். ‘ஒரு ஆல்பம் உறுதி, அதற்குப் பிறகு நாலு ஆல்பம் விருப்பம்’ என்று இருக்கும். யார் விருப்பம்? லேபிளின் விருப்பம். பிடிக்கவில்லை என்று நீங்கள் விலக முடியாது, பிடிக்கவில்லை என்று அவர்கள் உங்களை விட்டுவிடலாம். எண்ணிக்கையைக் குறைக்கப் பாருங்கள்.

ஏற்புடைமை. பலரும் கண்ணை ஓட்டிவிட்டுப் போகிற வரி, கலைச் சுதந்திரம் உண்மையில் இங்கேதான் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் ஆல்பம் ‘தொழில்நுட்ப ரீதியில்’ ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்றால் பிரச்சினை இல்லை, ஒலி ஒழுங்காகப் பதிவாகியிருந்தால் போதும். ‘வணிக ரீதியில்’ ஏற்கத்தக்கதாக என்றால், ஹிட் கேட்கவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப லேபிளுக்கு உரிமை. இந்த ஒரு சொல்லுக்காகப் பேச்சுவார்த்தையில் மற்ற எதையும் விட்டுக்கொடுக்கலாம். 2001-இல் வில்கோ பேண்டின் நாலாவது ஆல்பத்தைக் கேட்ட ரெப்ரைஸ் லேபிள் இது வேண்டாம் என்றது. மாற்ற மறுத்த பேண்ட் மாஸ்டரை (பதிவான மூல ஒலியை) வாங்கிக்கொண்டு வெளியேறி, ஆல்பத்தைத் தன் தளத்தில் இலவசமாகக் கேட்க விட்டது. 2002-இல் நான்ஸச் லேபிள் அதையே வெளியிட்டது, அதுவரை அவர்கள் போட்ட எதையும்விட நன்றாக விற்றது. வேடிக்கை என்னவென்றால் ரெப்ரைஸ், நான்ஸச் ரெண்டுமே வார்னர் குழுமத்தைச் சேர்ந்தவை, ஒரே முதலாளி ஒரே ஆல்பத்துக்கு ரெண்டு தடவை பணம் கொடுத்த கதை. மாஸ்டர் கைக்கு வந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. வராமல் அலமாரியிலேயே கிடக்கும் ஆல்பங்கள் நிறைய உண்டு. அதனால் இத்தனை மாசத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை எங்களுக்கே திரும்ப வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

மாஸ்டரும் பப்ளிஷிங்கும். பதிவான ஒலிக்கு ஒரு உரிமை, அது மாஸ்டர். எழுதிய பாட்டுக்கு ஒரு உரிமை, அது பப்ளிஷிங். மாஸ்டரை நிரந்தரமாக எழுதிக் கொடுப்பதற்குப் பதில் ஏழு, பத்து வருஷத்துக்கு உரிமம் மட்டும் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள், இப்போது சின்ன லேபிள்கள் பலவும் ஒத்துக்கொள்கின்றன. மெட்டாலிகா 1994-இல் லேபிளோடு மறுபடி பேசி வாங்கிய ஒப்பந்தத்தின் பலனாக 2012-இல் தங்கள் மாஸ்டர்கள் அனைத்தையும் சொந்தமாக்கிக்கொண்டார்கள். பப்ளிஷிங்கை எக்காரணம் கொண்டும் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் பேண்டின் ஜான் ஃபோகர்ட்டியிடம் பழைய பாட்டுகளின் உரிமை இல்லாமல் போயிருந்தது. அவர் தனியாக 1980-களில் ஒரு பாட்டுப் போட்டபோது, அது தன் பழைய பாட்டு மாதிரியே இருக்கிறது என்று உரிமை வைத்திருந்த கம்பெனி அவர் மேலேயே வழக்குப் போட்டது. கிட்டாரோடு சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து வாசித்துக் காட்டி ஜெயித்தார், ஆனால் அவருடைய பாட்டுகளின் பெரும்பங்கு உரிமை திரும்பி வந்தது 2023-இல்தான்.

லேபிளே கைமாறினால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். அமெரிக்க ராக் பாடகர் டாம் பெட்டி ஒப்பந்தம் போட்ட லேபிளை வேறொரு கம்பெனி வாங்கியபோது, என் சம்மதம் இல்லாமல் என்னை மாடு மாதிரி விற்க முடியாது என்று மறுத்து, 1979-இல் திவால் மனு வரை போய்த்தான் நல்ல ஒப்பந்தம் வாங்கினார். ரெண்டு வருஷம் கழித்து அடுத்த ஆல்பத்துக்கு லேபிள் விலையை 9.98 டாலராக ஏற்றப் பார்த்தது, ஆல்பத்தையே தர மாட்டேன் என்று நின்று 8.98-க்கே விற்க வைத்தார்.

மேனேஜர் கமிஷன் பொதுவாக 15 முதல் 20 சதவீதம். மொத்த வருமானத்திலா, செலவு போக மிஞ்சியதிலா என்று கேளுங்கள். சுற்றுப்பயணத்தில் இந்த ஒரு வித்தியாசம் உங்கள் முழு லாபத்தையும் விழுங்கிவிடும்.

விளம்பரமும் படமும்

ஒரு பாட்டை விளம்பரத்திலோ சினிமாவிலோ போட ரெண்டு பேர் அனுமதி வேண்டும், மாஸ்டர் வைத்திருப்பவரும் பப்ளிஷிங் வைத்திருப்பவரும். பூட்டுக்கு ரெண்டு சாவி. மாஸ்டர் போய்விட்டாலும் பப்ளிஷிங் உங்களிடம் இருந்தால் முடியாது என்று சொல்லலாம். ஒப்பந்தத்தில் மறுபதிவுக்கு இருக்கும் தடைக்காலம் முடிந்ததும் அதே பாட்டை மறுபடி பதிவு செய்து புது மாஸ்டரும் வைத்துக்கொள்ளலாம். டெஃப் லெப்பர்ட், டிஜிட்டல் ராயல்டி தகராறில் 2012-இல் தங்கள் பழைய ஹிட்டுகளை அச்சு அசலாக மறுபடி வாசித்து விற்றது இப்படித்தான்.

விளம்பரத்துக்குப் பாட்டுக் கொடுப்பதே பாவம் என்ற பழைய கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. எந்தப் பொருள், எந்த நாட்டில், எத்தனை மாசம், சொற்களை மாற்றுவார்களா, எந்தப் பாட்டு: இதையெல்லாம் எழுத்தில் வாங்கினால் பெரும்பாலான விளம்பரங்கள் ஆல்பத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு மறக்கப்பட்டுவிடும். மேடையில் கூட்டம் கண்கலங்குகிற பாட்டைக் கொடுக்காதீர்கள். வாத்திய இசை ஒன்றைக் கொடுங்கள், யாருக்கும் வலிக்காது.

பாட்டில் கை வைக்கச் சொன்னால்

யாராவது பாட்டை மாற்றச் சொல்லும்போது அவர் பாட்டைக் கேட்டுவிட்டுச் சொல்கிறாரா, ஹிட் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. ‘ரெண்டாவது வரி தொய்கிறது’ என்பவரை உட்காரவைத்து டீ கொடுத்துக் கேளுங்கள். ‘இப்போது இந்த மாதிரிதான் ஓடுகிறது’ என்பவருக்கு நன்றி சொல்லி அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் ரெண்டு விதமாகவும் பதிவு செய்து, கொஞ்ச நாள் கேட்காமல் வைத்து, ரெண்டையும் மேடையில் வாசித்துப் பாருங்கள். அதற்கப்புறம் பெரும்பாலும் விவாதமே தேவைப்படாது.

பாட்டுச் சுருங்கினாலோ எளிமையானாலோ அது விலைபோனது ஆகாது. மெட்டாலிகா 1991 ஆல்பத்துக்கு, மாட்லி க்ரூ என்ற பேண்டுக்கு ஆல்பம் செய்த பாப் ராக் (Bob Rock) என்பவரைத் தயாரிப்பாளராகக் கொண்டுவந்து, நீண்ட சிக்கலான பாட்டுகளை விட்டுக் குறுகிய பாட்டுகளுக்குப் போனார்கள். பழைய ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் அது லேபிள் கட்டாயப்படுத்தியது இல்லை, அவர்களே முந்தைய ஆல்பத்தின் பத்து நிமிஷப் பாட்டுகளை மேடையில் வாசித்துச் சலித்துப் போயிருந்தார்கள். நிர்வாணா எதிர்த்திசையில் போனார்கள், பெரிய வெற்றிக்கு அடுத்து மேலே சொன்ன ஆல்பினியிடம் கரடுமுரடான ஆல்பம் செய்யப் போனார்கள். அவர் ராயல்டியே வேண்டாம் என்று 1,00,000 டாலர் ஒரே தொகையாக வாங்கிக்கொண்டார். அப்படியும் 1993-இல் ஆல்பம் வரும்போது சிங்கிளுக்கான ரெண்டு பாட்டை வேறொருவர் மறுபடி மிக்ஸ் செய்திருந்தார், பெரிய கடைச் சங்கிலிகள் விற்க மறுத்தபோது பின் அட்டையையும் ஒரு பாட்டின் பெயரையும் அவற்றுக்காக மாற்றிக் கொடுத்தார்கள். பெரிய கடையைத் தவிர வேறெதுவும் இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஆல்பம் கிடைக்கட்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். எனக்கு அது சரியான சமரசமாகவே படுகிறது, உள்ளே இருந்த பாட்டில் ஒரு சொல் மாறவில்லை.

ரேடியோவுக்காகப் பாட்டை வெட்டித் தரச் சொன்னால் வெட்டிக் கொடுங்கள், முழுப் பாட்டு ஆல்பத்தில் இருக்கும்வரை. குயீன் 1975-இல் கிட்டத்தட்ட ஆறு நிமிஷப் பாட்டை வெட்ட மாட்டோம் என்று நின்று ஜெயித்ததைச் சொல்லி வாதாடுவீர்கள். சரி, ஆனால் அவர்களுக்கு லேபிளை மீறி ரேடியோவில் திரும்பத் திரும்ப அதைப் போட்ட கென்னி எவரெட் என்ற நண்பர் இருந்தார். உங்களுக்கு இருக்கிறாரா?

சிங்கிளாக எதை விடுகிறீர்கள் என்பதில் கவனம். ஹிட்டானால் அந்தப் பாட்டை இருபது வருஷம் பாட வேண்டும். ரேடியோஹெட் தங்கள் முதல் ஹிட்டை மேடையில் பாடுவதைப் பல வருஷம் தவிர்த்தார்கள், அவ்வளவு வெறுத்துப்போயிருந்தது. வெறும் விளையாட்டாக எழுதிய பாட்டு ஒன்றே உங்கள் அடையாளமாகிவிட்டால் அதிலிருந்து வெளியே வருவது எந்த லேபிளிடமிருந்து வருவதைவிடவும் கஷ்டம்.

கேட்பவர்களை நேரடியாகப் பிடியுங்கள்

மாரிலியன் என்ற பிரிட்டிஷ் பேண்ட், 1997-இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு லேபிளிடம் பணம் இல்லை என்று சொன்னபோது ரசிகர்களே சுமார் 60,000 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்த பேண்ட், அடுத்து ஆல்பத்தைப் பதிவு செய்வதற்கு முன்பே முன்பதிவு கேட்டது, 12,000 பேருக்கு மேல் கட்டினார்கள், 2001 ஆல்பத்தின் செலவு அதிலேயே வந்தது. ஹிட் ஒன்றும் இல்லாத காலம் அது. இதற்கு வேண்டியிருந்தது மெயில் பட்டியல் மட்டும்தான். சமூக வலைத்தளத்தில் எத்தனை பேர் பின்தொடர்ந்தாலும் அந்தப் பின்தொடர்பவர் பட்டியல் உங்களுடையது கிடையாது, நாளைக்கே தளம் விதியை மாற்றும். ஸ்பாட்டிஃபை 2024 முதல் ஒரு வருஷத்தில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி கொடுப்பதில்லை. ஸ்ட்ரீமிங்கை நோட்டீஸ் ஒட்டுகிற சுவராக வைத்துக்கொண்டு, பணத்துக்கு பேண்ட்கேம்ப் மாதிரி ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் இடத்தையும் (டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம், பொருளில் 10 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள்) மேடையையும் நம்புங்கள். கச்சேரிக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் மெயில் முகவரி வாங்குங்கள், கூச்சப்படாமல்.

விலைபோய்விட்டார்கள் என்று யாராவது எழுதத்தான் செய்வார்கள். பதில் எழுதாதீர்கள். திட்டுகிறவர் பாட்டைப் பற்றிச் சொல்கிறாரா, உங்களுக்குக் காசு வந்ததைப் பற்றிச் சொல்கிறாரா என்று மட்டும் பாருங்கள். முதலாவது என்றால் ஒரு தடவை யோசியுங்கள். ரெண்டாவதை விட்டுவிடலாம், ஆனால் அந்தக் காசு அவர் பையிலிருந்து நியாயமில்லாமல் வந்ததா என்பது வேறு கேள்வி. தி க்ளாஷ் 1980-இல் மூன்று தட்டு ஆல்பத்தைக் குறைந்த விலைக்கு விற்க வைக்க, பிரிட்டனில் முதல் 2,00,000 பிரதிகளுக்கான ராயல்டியை விட்டுக்கொடுத்தார்கள். பெரிய லேபிளில் இருந்துகொண்டேதான் அதைச் செய்தார்கள்.

கடைசியாக, எல்லோரும் தள்ளிப்போடுகிற ஒன்று: பெயர். ஒருவர் போனால் பேண்டின் பெயர் யாருக்கு, மீதிப் பேர் அதே பெயரில் வாசிக்கலாமா, போனவருக்குப் பழைய ஆல்பங்களில் பங்கு தொடருமா? பிங்க் ஃபிளாய்ட் இதை எழுதி வைக்கவில்லை. பேஸ் வாசித்துப் பாடிய ரோஜர் வாட்டர்ஸ் 1985-இல் விலகி, பெயரை யாரும் பயன்படுத்தக் கூடாது என்று அடுத்த வருஷம் நீதிமன்றம் போனார், 1987 டிசம்பரில்தான் சமரசம் ஆனது, அதற்குள் மற்றவர்கள் அந்தப் பெயரிலேயே ஆல்பம் போட்டுச் சுற்றுப்பயணமும் கிளம்பிவிட்டார்கள். பங்கு எழுதிய அதே தாளின் பின்பக்கத்தில் இதையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், எல்லோரும் நண்பர்களாக இருக்கிற இந்த வாரத்திலேயே.